பாஸ்டேக்: ஒட்டுவதும் ஓட்டுவதும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன், மொரப்பூர்)

முன்னுரை

வழியில் செல்லும் சரக்குக்கு வரி வாங்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. பழந்தமிழில் அதற்கு ‘உல்கு’ என்று பெயர். அரசனுக்கு உரிய வருவாய்களுள் ஒன்றாகத் திருவள்ளுவர் பொருட்பாலில் உல்கைக் குறிப்பிடுகிறார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்க அலுவலர் பண்ட மூட்டைகளின் மேல் புலிச் சின்னம் பொறித்து அனுப்பிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. முதலாம் குலோத்துங்கனோ சுங்கத்தை நீக்கியதனால் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றான்.

இன்று நாம் நெடுஞ்சாலையில் செலுத்துவது அரசனுக்குரிய வரி அன்று. சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணமே. ஆயினும் மக்கள் நாவில் ‘சுங்கம்’ என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது. அக்கட்டணத்தைச் சில்லறை தேடாமல், வரிசையில் நெடுநேரம் நிற்காமல் செலுத்துவதற்கு உதவும் சிறு வில்லைதான் பாஸ்டேக். அதனுள் இருக்கும் இயற்பியலையும், அதை வாங்கி ஒட்டிப் பயன்படுத்தும் முறையையும் சக மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுரை முழுவதற்கும் அடிப்படையான ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்டேக் வில்லைக்குள் பணம் இல்லை, மின்கலமும் இல்லை. அதற்குத் தெரிந்தது தன் அடையாளம் மட்டுமே. தன்னுடைய எண், வண்டியைப் பற்றிய சிறு குறிப்பு ஆகியவற்றைக் கேட்டால் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. பணம் கழிவதும், கழியாமல் மறுக்கப்படுவதும் வேறிடத்தில் உள்ள கணக்கில் நடப்பவை. இந்த ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால் பாஸ்டேக்கைப் பற்றிய குழப்பங்களுள் பெரும்பாலானவை தாமே விலகிவிடும்.

எங்கள் ஊரும் நெடுஞ்சாலையும்

மொரப்பூர் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு நினைவுக்கு வருவது ரயில் நிலையம்தான். சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் அது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகச் செல்லவில்லை. ஆகவே, “நமக்கும் பாஸ்டேக்குக்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் கேட்கலாம்.

தொடர்பு உண்டு. எங்கள் பகுதியில் விளையும் தேங்காயும் மாங்காயும் மஞ்சளும் ஊரிலேயே விற்றுத் தீர்ந்துவிடுவதில்லை. அவற்றை ஏற்றிய வண்டிகள் தருமபுரி சென்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறுகின்றன. வடக்கே பெங்களூர்ப் பக்கம் திரும்பினால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வருகிறது. தெற்கே சேலம் பக்கம் திரும்பினால் தொப்பூருக்கு முன்னால் பாளையம் சுங்கச்சாவடி வருகிறது. ஒரு சிறு சரக்கு வண்டியை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு டீசல் செலவு, சுங்கச் செலவு, வண்டிக் கடன் தவணை மூன்றும் போக மிஞ்சுவதே வருமானம். எனவே, சாவடியில் வீணாகும் ஒவ்வொரு ரூபாயும் அடுப்பங்கரையில் தெரியும்.

இம்முறை வளர்ந்த வரலாறு

அலையை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்புவதைக் கொண்டே செய்தி பெறலாம் என்ற கருத்தை ஹாரி ஸ்டாக்மன் என்பவர் 1948ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார். நகரச் சாலைகளில் செல்லும் வண்டிகளை மின்னணுக் கருவியால் அடையாளம் கண்டு கட்டணம் வசூலிக்கலாம் என்று வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1959இல் வாஷிங்டன் நகரத்துக்காக ஒரு திட்டம் சொன்னார். அன்று அது நடைமுறைக்கு வரவில்லை. பின்னாளில், 1996இல், இவர் நோபல் பரிசு பெற்றார். நார்வே நாட்டின் ட்ரொண்ட்ஹைம் நகரில் 1991இல் வண்டிகள் நிற்காமலே கட்டணம் செலுத்தும் முறை வந்தது.

நம் தமிழர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 1998இல் மின்னணுச் சாலைக் கட்டண முறை தொடங்கியது. அங்கே வண்டிக்குள் ஒரு கருவி பொருத்தப்பட்டது. பணம் ஏற்றிய அட்டையை அக்கருவியில் செருகி வைக்க வேண்டும். வளைவின் கீழ் வண்டி செல்லும்போது அட்டையிலிருந்தே பணம் கழியும். அதாவது பணம் வண்டியோடு சென்றது. நம் நாட்டு முறை இதற்கு நேர்மாறானது. இங்கே பணம் வங்கியிலேயே இருக்கிறது. வண்டியோடு செல்வது அடையாளம் மட்டுமே.

இந்தியாவில் எத்தகைய தொழில்நுட்பத்தைக் கைக்கொள்வது என்று ஆராய 2010இல் நந்தன் நீலகேணி தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. மின்கலம் இல்லாத வில்லையே நம் நாட்டுக்கு ஏற்றது என்று அக்குழு பரிந்துரைத்தது. விலை குறைவு, பராமரிப்பு இல்லை என்பன அதன் சிறப்புகள். 2014இல் அகமதாபாத்–மும்பைச் சாலையில் சோதனை முயற்சி நடந்தது. 2015 சூலையில் சென்னை–பெங்களூர்ச் சாலைக்கும் இம்முறை வந்தது. அது நம் அண்டை ஊராகிய கிருஷ்ணகிரி வழியாகச் செல்லும் சாலை என்பது குறிப்பிடத்தக்கது. 2017 டிசம்பர் 1 முதல் விற்பனையாகும் புதிய நான்கு சக்கர வண்டிகளுக்குப் பாஸ்டேக் கட்டாயமாயிற்று. 2021 பிப்ரவரி நடுவில் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் எல்லா வழித்தடங்களும் பாஸ்டேக் வழித்தடங்களாக மாறின.

வில்லைக்குள் என்ன இருக்கிறது?

வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மெல்லிய உலோகக் கோடுகள் தெரியும். அவையே அலைவாங்கி. அதன் நடுவே கடுகினும் சிறிய ஒரு சில்லு இருக்கும். வில்லையின் உறுப்புகள் இவ்விரண்டே.

சாவடியின் மேற்கூரைக்குக் கீழே பொருத்தப்பட்டுள்ள படிப்பான் என்னும் கருவி ரேடியோ அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நம் நாட்டில் இதற்கென 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த அலை வில்லையின் அலைவாங்கியில் படும்போது அதில் மிகச் சிறிய மாறுமின்னோட்டம் தோன்றுகிறது. சில்லில் உள்ள திருத்திச் சுற்று அதை நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த ஆற்றலில்தான் சில்லு விழித்துக்கொள்கிறது. கேட்பவரே பதில் சொல்பவருக்கு உணவும் கொடுக்கிறார் எனலாம்.

விழித்த சில்லு எப்படிப் பதில் சொல்கிறது? தனியாக அலையை உண்டாக்கி அனுப்ப அதனிடம் ஆற்றல் இல்லை. ஆகவே, தன்மேல் விழும் அலையையே திருப்பி அனுப்புகிறது. சிறுவயதில் உடைந்த கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் ஒளியைப் பாய்ச்சி விளையாடியிருப்போம். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் காட்டினால் சுவரில் ஒளி மின்னி மின்னி மறையும். ஒளி சூரியனுடையது, சைகை நம்முடையது. அதுபோலவே சில்லு தன் அலைவாங்கியின் மின்தடுப்பை மாற்றி மாற்றி, ஒரு சமயம் மிகுதியாகவும் மறு சமயம் குறைவாகவும் அலையை எதிரொளிக்கச் செய்கிறது. இந்த ஏற்ற இறக்கமே 1, 0 என்னும் இலக்கங்களாகப் படிப்பானால் உணரப்படுகிறது.

ஒரு சிறு கணக்கு

இயற்பியல் மாணவர்களுக்காக ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். அதை 86.6 கோடி என்னும் அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 0.346 மீட்டர், அதாவது சுமார் ஒன்றரைச் சாண் நீளம் என்று கிடைக்கிறது. வில்லையில் உள்ள அலைவாங்கி அரை அலைநீளத்தை ஒட்டிய அளவில் மடித்துச் செய்யப்படுவதால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.

படிப்பான் அனுப்பும் ஆற்றல், எல்லாத் திசையிலும் பரவுவதாகக் கொள்ளும் கணக்கில், 4 வாட் என்போம். 5 மீட்டர் தொலைவில் கோளப் பரப்பு 4π × 25, அதாவது சுமார் 314 சதுர மீட்டர். எனவே, ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது சுமார் 0.0127 வாட். அரை அலை அலைவாங்கியின் பயனுறு பரப்பு இந்த அலைநீளத்தில் ஏறத்தாழ 0.0156 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.0002 வாட், அதாவது 0.2 மில்லிவாட் வருகிறது. ஒரு 10 வாட் விளக்கின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு! இவ்வளவு சிறிய ஆற்றலே சில்லை எழுப்பப் போதுமானது.

தொலைவு இரண்டு மடங்கானால் கிடைக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது நாம் அறிந்த எதிர்வர்க்க விதி. எனவே முன்வண்டியை ஒட்டிச் செல்லாமல் இடைவெளி விட்டு, படிப்பானுக்கு நேரே மெதுவாகச் சென்றால் அது நம் வில்லையை மட்டும் தெளிவாகப் படிக்கும்.

சாவடியில் நடப்பது என்ன?

படிப்பான் எண்ணைப் படித்ததும் அது சாவடியின் கணினிக்குச் செல்கிறது. சாவடிக்குரிய வங்கி அதை இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் மையக் கணினிக்கு அனுப்புகிறது. எந்த எண் எந்த வண்டிக்குரியது, எந்த வகை வண்டி, எந்த வங்கியின் கணக்கு, அக்கணக்கு நடப்பில் உள்ளதா என்ற பதிவேடு அங்கே இருக்கிறது. பின்னர் வில்லை வழங்கிய வங்கியின் கணக்கில் கட்டணம் கழிக்கப்பட்டு, பதிவு செய்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருகிறது.

இதனிடையே வழித்தடத்தில் உள்ள உணர்கருவிகள் வண்டியின் அச்சுகளை எண்ணி, வில்லை சொல்லும் வகையும் நேரில் வந்த வண்டியும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுகின்றன. காரின் வில்லையை லாரியில் ஒட்டிச் சென்றால் பிடிபடுவது இதனால்தான். காருக்கு ஊதா, இலகு சரக்கு வண்டிக்கு ஆரஞ்சு, இரண்டு அச்சுப் பேருந்துக்கும் லாரிக்கும் பச்சை, மூன்று அச்சு வண்டிக்கு மஞ்சள் என்று வில்லையின் நிறமே வகையைக் காட்டும்.

வாங்கும் முறை

பாஸ்டேக்கை வங்கிகள் வழங்குகின்றன. வங்கிக் கிளை, சாவடியருகே உள்ள விற்பனை இடம், வங்கியின் இணையச் சேவை ஆகியவற்றின் வழியாகப் பெறலாம். வண்டியின் பதிவுச் சான்றாகிய ஆர்.சி. புத்தகம், உரிமையாளரின் அடையாளச் சான்று, வண்டியின் புகைப்படம் ஆகியவை வேண்டும். வில்லையின் விலை, காப்புத் தொகை, முதலில் கணக்கில் செலுத்தும் தொகை ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்புத் தொகை நம்முடையது. கணக்கை முடிக்கும்போது திரும்பக் கிடைக்கும்.

வாங்கும்போது மூன்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒன்று, வண்டி எண் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி எழுத்துப் பிழையின்றிப் பதிவாகியுள்ளதா? இரண்டு, வண்டியின் வகை சரியா? மூன்று, பதிவான கைபேசி எண் யாருடையது? இம்மூன்றில் மூன்றாவதை மக்கள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதுவே மிக முக்கியமானது என்பதைப் பின்னர் விளக்குகிறேன்.

ஒட்டும் முறை

முன்கண்ணாடியின் உட்புறத்தில், மேல் நடுப்பகுதியில், பின்நோக்குக் கண்ணாடிக்குப் பின்னால் வில்லையை ஒட்ட வேண்டும். முதலில் அவ்விடத்தைத் துணியால் துடைத்து ஈரமும் தூசியும் போக்க வேண்டும். பிறகு பின்தாளை உரித்து, அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திவிட வேண்டும். ஒருமுறை ஒட்டியதைப் பிய்த்தெடுத்தால் அலைவாங்கியின் உலோகக் கோடுகள் அறுந்துவிடும். எனவே, இடத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நலம். கண்ணாடி உடைந்து மாற்ற நேர்ந்தால் புதிய வில்லைதான் வாங்க வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டச் சொல்வதற்குக் காரணம் இயற்பியலே. உலோகத் தகட்டின்மேல் ஒட்டினால், தகட்டில் தோன்றும் எதிர் மின்னோட்டம் அலைவாங்கியின் வேலையைக் கெடுத்துவிடும். கண்ணாடியோ அலையை எளிதில் உள்ளே விடும். சில கார்களில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள கண்ணாடி இருக்கும். அவற்றில் பின்நோக்குக் கண்ணாடிக்கு அருகே பூச்சில்லாத ஒரு பகுதி விடப்பட்டிருந்தால் அங்கேதான் ஒட்ட வேண்டும்.

சிலர் வில்லையை ஒட்டாமல் சட்டைப் பையிலோ ஓட்டுநர் முன்பலகையிலோ வைத்துக்கொண்டு, சாவடியில் கையால் தூக்கிக் காட்டுகிறார்கள். விரல்களில் உள்ள நீர்ச்சத்தும் அலையை உறிஞ்சும் என்பதால் படிப்பதில் தாமதம் ஏற்படும். இவ்வாறு கையில் வைத்திருக்கும் வில்லைகளைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கும் நடைமுறையைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 சூலையில் அறிவித்தது.

கட்டணக் கணக்கு

ஒரு வழிக் கட்டணம் 100 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். நடப்பில் உள்ள பாஸ்டேக்குடன் சென்று 24 மணி நேரத்துக்குள் திரும்பினால், போகும்போது 100, வரும்போது 50, ஆக 150 ரூபாய் கழியும். இந்தச் சலுகை 2020 ஆகஸ்டு விதித் திருத்தத்தின்படி பாஸ்டேக் வழியாகச் செலுத்துவோருக்கு மட்டும் என்று ஆயிற்று. 2025இன் விதிப்படி, பாஸ்டேக் இல்லாத, அல்லது நடப்பில் இல்லாத வண்டி ரொக்கமாகச் செலுத்தினால் இரு மடங்கு; அதாவது போக 200, வர 200, ஆக 400 ரூபாய். 2025 நவம்பர் 15 முதல் அத்தகைய வண்டிகள் யு.பி.ஐ. வழியாகச் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு என்று விதி திருத்தப்பட்டது. அவ்வாறாயின் 250 ரூபாய்.

150க்கும் 400க்கும் உள்ள வேறுபாடு 250 ரூபாய். ஒரு வில்லை வேலை செய்வதற்கும் செய்யாததற்கும் இடையே ஒரே பயணத்தில், ஒரே சாவடியில் ஏற்படும் வேறுபாடு இது. மூன்று சாவடிகள் என்றால் 750 ரூபாய்!

சொந்தக் கார் வைத்திருப்போருக்கு 2025 ஆகஸ்டு 15 அன்று ஆண்டுச் சலுகைச் சீட்டு ஒன்று அறிமுகமாயிற்று. தொடக்க விலை 3000 ரூபாய்; ஓராண்டு அல்லது 200 கடப்புகள், இவற்றுள் எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். வாடகை வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் இது கிடையாது. இச்சலுகைக்குப் புதிய வில்லை வேண்டியதில்லை. பழைய வில்லையின் எண்ணோடு கணக்கில் சேர்த்தாலே போதும். வில்லை அடையாளம் மட்டுமே என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எங்கள் வீட்டு அனுபவம்

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் ஓட்டும் சிறிய சரக்கு வண்டிக்குச் சாலையோரம் குடை விரித்து அமர்ந்திருந்த ஒரு முகவரிடம் பாஸ்டேக் வாங்கினார். அந்த முகவர் விரைவாக வேலையை முடிக்கத் தம் கைபேசி எண்ணையே பதிவு செய்துவிட்டார். அதன்பின் கணக்கைப் பற்றிய எந்தச் செய்தியும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆவணம் சரிபார்க்கச் சொல்லி வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளும் அந்த முகவருக்கே போயிருக்கின்றன.

ஒரு நாள் இரவு தேங்காய் ஏற்றிக்கொண்டு பெங்களூர் சென்றபோது, வில்லை கருப்புப் பட்டியலில் இருப்பதாகச் சொல்லிச் சாவடியில் தடுத்தார்கள். முந்தைய நாள்தான் கடையில் பணம் கட்டியிருந்தார். “காசு கட்டியாச்சே, அப்புறம் எப்படி இல்லைங்கறீங்க?” என்று கேட்டிருக்கிறார். பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்ப, இரு மடங்கு கொடுத்துவிட்டுச் சென்றார். திரும்பும்போதும் அதுவே. வில்லை கெட்டுவிட்டது என்று எண்ணி, மறுவாரம் வேறொரு வங்கியின் வில்லையை வாங்கி ஒட்டினார். ‘ஒரு வண்டிக்கு ஒரு பாஸ்டேக்’ என்பது நடைமுறையாதலால் பழைய வில்லையின் கணக்கு முடங்கியது. அதில் இருந்த பணமும் அதோடு நின்றது.

விடுமுறைக்கு வந்தபோது இதைக் கேள்விப்பட்டேன். ஆர்.சி. புத்தகத்தின் நகலையும் அடையாளச் சான்றையும் எடுத்துக்கொண்டு, தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதி, தந்தையாரையும் அழைத்துக்கொண்டு அந்த வங்கிக் கிளைக்குச் சென்றேன். இரண்டு முறை அலைந்த பின் பழைய கணக்கு முடிக்கப்பட்டு, மீதிப் பணமும் காப்புத் தொகையும் திரும்பக் கிடைத்தன. புதிய கணக்கில் தந்தையாரின் கைபேசி எண்ணே இருக்கிறது என்பதையும் உறுதி செய்துகொண்டோம்.

இதில் வில்லையின் குற்றம் ஒன்றுமில்லை. அது ஒவ்வொரு சாவடியிலும் தன் அடையாளத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. கணக்குத்தான் தடைப்பட்டிருந்தது. கணக்கைப் பற்றிய செய்தி உரியவரிடம் வந்து சேரவில்லை. கைபேசி எண் முக்கியமானது என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே.

சில ஐயங்களும் விடைகளும்

சிறுவன் ஒருவன் கண்ணாடியைத் துடைப்பதுபோல் கைக்கடிகாரத்தைக் காட்டி வில்லையிலிருந்து பணத்தைத் திருடுவதாக ஒரு காணொளி 2022இல் பரவியது. உண்மையா? உண்மையன்று. வில்லையில் பணமே இல்லை; திருடுவது எதை? எண்ணைப் படித்தாலும், பதிவு பெற்ற சாவடி, வாகன நிறுத்தம் போன்ற இடங்களுக்கு மட்டுமே பணம் செல்லும். தனி மனிதருக்குச் செல்லாது. இதைத் தேசியக் கொடுப்பனவுக் கழகமும் அப்போதே தெளிவுபடுத்தியது.

வில்லை சரியாக இருந்து, கணக்கில் போதிய பணமும் இருந்து, சாவடியின் கருவி பழுதானால் யார் பொறுப்பு? 2018 மே மாத விதித் திருத்தத்தின்படி அவ்வண்டியைக் கட்டணமின்றி விட வேண்டும். கட்டணம் பூச்சியம் என்று குறித்த இரசீதும் தர வேண்டும். இந்த உரிமையை ஓட்டுநர்கள் பலர் அறிந்திருக்கவில்லை.

தவறாகப் பணம் கழிந்தால் என்ன செய்வது? வில்லை வழங்கிய வங்கியிடம் முறையிட வேண்டும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்ணையும் அழைக்கலாம். நாள், நேரம், சாவடியின் பெயர் மூன்றையும் குறித்து வைத்திருந்தால் வேலை எளிதாகும்.

வண்டியை விற்றால்? வில்லையின் கணக்கை முடித்துவிட வேண்டும். இல்லையேல் வாங்கியவர் ஓட்ட, விற்றவர் கணக்கில் பணம் கழியும்.

சாவடிக்கு அருகில் வந்ததும் பணம் நிரப்பினால் போதாதா? நிரப்பிய செய்தி பல கணினிகளைக் கடந்து சாவடிக்கு வந்து சேர வேண்டும். எங்கேனும் தாமதம் நேர்ந்தால் நட்டம் நமக்கே. வீட்டிலிருந்து கிளம்பும்போதே இருப்பைப் பார்த்து நிரப்பிக்கொள்வதே அறிவுடைமை.

மாணவர் செய்யத்தக்கது

நம் கல்லூரியில் படிப்போரில் பலர் என்னைப்போல் முதல் தலைமுறையாக வந்தவர்கள். நம் ஊர்களில் வண்டி ஓட்டுவோருக்குக் கியர் பெட்டியின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் அறிவு இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் தெருவில் உள்ள வண்டிக்காரர்களிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். கணக்கில் உள்ள கைபேசி எண் உங்களுடையதா? வண்டி எண்ணும் ஆர்.சி. புத்தகமும் ஒத்திருக்கின்றனவா? வில்லையின் நிறம் உங்கள் வண்டிக்கு உரியதா? ஒரே வண்டிக்குப் பழைய வில்லை எதுவும் முடிக்கப்படாமல் கிடக்கிறதா? ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம் போதும். கைபேசியும் ஆர்.சி. புத்தகமுமே கருவிகள். கடவுச் சொல்லையும் ஒருமுறை எண்ணையும் யாரிடமும், நம்மிடமும்கூடச் சொல்ல வேண்டாம் என்று சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

முடிவுரை

புலிச் சின்னம் பொறித்த மூட்டைக்குச் சுங்கம் கணக்கிடப்பட்டது என்பதை அன்று கண்டவர் அறிந்தனர். சின்னமே சுங்கம் ஆகிவிடாது. இன்றைய வில்லையும் அத்தகைய சின்னமே. அலைநீளமும் எதிரொளிப்பும் தம் வேலையைப் பிழையின்றிச் செய்கின்றன. கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஒரு நாள் கவனம் போதும். கணக்கைக் காப்பதற்கு நாள்தோறும் கவனம் வேண்டும். அந்தக் கவனத்துக்கு வேண்டிய எழுத்தறிவை நம் பெற்றோர் தம் உழைப்பால் நமக்கு வாங்கித் தந்திருக்கிறார்கள். அதை முதலில் அவர்கள் வண்டிக்கே பயன்படுத்துவோம்.